கொலைக்குற்றத்தின் எல்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேற்றுலகிலிருந்து வரும், பேசவும் சிந்திக்கவும் தெரிந்த ஓர் உயிரை ஒருவன் வேண்டுமென்றே கொன்றால் அது கொலைக்குற்றமாகுமா என்று நண்பர்களுக்குள் விவாதம் எழுந்தது. கொலை என்பது மனிதன் மனிதனுக்குச் செய்வது மட்டுமே என்றும், அறிவை அளவுகோலாக்கினால் கைக்குழந்தையைக் கொல்வதைவிடச் சிம்பன்சியைக் கொல்வது பெரிய குற்றமாகிவிடும் என்றும் நான் வாதிட்டேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாவது வாதம் வலுவானதுதான். ஆனால் நீங்கள் விரும்பும் முடிவை அது தராது. மனிதராகப் பிறந்த எவரையும், அவருடைய அறிவை எடைபோடாமலேயே காக்கிறோம். அது சரியானது. ஆனால் அறிவு குறைந்த மனிதரும் காக்கப்பட வேண்டியவரே என்பதால், அறிவுள்ள வேற்றுயிர் காக்கப்பட வேண்டாததாகிவிடாது. காக்கப்படும் தகுதி ஓர் உயிருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களால் வரலாம்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 1884ஆம் ஆண்டின் ஒரு வழக்கு நினைவுக்கு வரும். மின்யனெட் என்ற பாய்க்கப்பல் தெற்கு அட்லாண்டிக்கில் மூழ்கியபோது கேப்டன் டட்லி, ஸ்டீஃபன்ஸ், புரூக்ஸ், 17 வயதுப் பையனான பார்க்கர் ஆகிய நால்வரும் ஒரு சிறு படகில் தப்பினார்கள். கையில் இருந்தவை இரண்டு டின் டர்னிப் கிழங்குகள், நன்னீர் கிடையாது. நான்காம் நாள் ஒரு சிறிய ஆமையைப் பிடித்துத் தின்றார்கள். இருபதாம் நாள், கடல்நீரைக் குடித்து நோயுற்றுக் கிடந்த பார்க்கரை டட்லி கத்தியால் கொன்றார். அவனுடைய உடலை உண்டு மற்ற மூவரும் உயிர் பிழைத்தார்கள். தன் உயிரைக் காத்துக்கொள்வதற்காகக் குற்றமற்ற ஒருவரைக் கொல்வதை எந்தத் தேவையும் நியாயப்படுத்தாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்து, டட்லிக்கும் ஸ்டீஃபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அந்த வழக்கில் ஆமையும் வருகிறது, ஆனால் உணவாக மட்டுமே.

இப்போது உங்கள் வேற்றுலக விருந்தாளியை அந்தப் படகில் ஐந்தாவது ஆளாக ஏற்றிப் பாருங்கள். கத்தியைக் கண்டு, தான் நாளைக்கு இருக்கப்போவதில்லை என்பதை உணர்ந்து, "என்னை ஏன்?" என்று கேட்கக்கூடிய ஓர் உயிர் அது. அதை ஆமையோடு சேர்ப்பீர்களா, பார்க்கரோடு சேர்ப்பீர்களா? அது கணக்குப் போடும், கப்பல் ஓட்டும் என்பதற்காக நான் அதைப் பார்க்கரின் பக்கம் வைக்கவில்லை. தன் நாளைய பொழுதைத் தன்னுடையதாக அறிந்திருக்கும் ஒன்றைக் கொல்பவன், அதற்கான காரணத்தை அதனிடமே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான். எந்தக் காரணமும் எடுபடாத அந்த இடத்தில் நடப்பது கொலை.

ஒன்று கொலைக்குற்றத்தின் காப்புக்குள் வந்துவிட்டால், தற்காப்பு, பிறரைக் காத்தல் போன்ற விலக்குகளும் உடன் வந்துவிடும். 2016ஆம் ஆண்டு மே மாதம் சின்சினாட்டி விலங்குக்காட்சிச்சாலையில் ஹராம்பே என்ற கொரில்லாவின் அடைப்புக்குள் விழுந்த மூன்று வயதுச் சிறுவனைக் காப்பாற்ற அதைச் சுட்டுக் கொன்றார்கள். "கொலை" என்று கொதித்தவர்களும், "மிருகம்தானே" என்று தோளைக் குலுக்கியவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள் என்பது என் எண்ணம். கொரில்லாவை நம்மைப் போன்ற ஒருவராகவே கருதினாலும், குழந்தையின் உயிரைக் காக்க வேறு வழியில்லை என்றால் அது கொலையாகாது. அதே கொரில்லாவை இடப்பற்றாக்குறை என்று சொல்லிச் சுட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

நீதிமன்றங்கள் இந்த எல்லையை வேறொரு பக்கத்திலிருந்து தொட்டுப் பார்த்திருக்கின்றன. அர்ஜென்டினாவின் மென்டோசாவில் 2016ஆம் ஆண்டு ஒரு நீதிபதி, செசிலியா என்ற சிம்பன்சிக்கு ஆட்கொணர்வு மனுவின், அதாவது முறையின்றி அடைத்துவைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரும் மனுவின், பலனை அளித்தார். நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு, ஹேப்பி என்ற யானைக்கு அதை ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் மறுத்தது. இரண்டும் அடைத்துவைப்பதைப் பற்றியவை, கொல்வதைப் பற்றியவை அல்ல. இதற்கு முன் 2014ஆம் ஆண்டு அதே மாநிலத்தின் இன்னொரு நீதிமன்றம், கடமைகளைச் சுமக்க முடியாத சிம்பன்சிக்கு உரிமை இல்லை என்றது. நீங்கள் சொன்ன கைக்குழந்தையே இந்த வாதத்துக்குப் போதுமான மறுப்பு.

சிம்பன்சி, கொரில்லா போன்ற பெருங்குரங்குகளைத் தேவையின்றிக் கொல்வதைக் கொலை என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை. ஆக்டோபஸ் விஷயத்தில் தயங்குகிறேன். அதன் திறமை வியக்கத்தக்கது. ஆனால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழும் அந்த உயிருக்கு நாளை என்ற ஒன்று இருக்கிறதா என்பதற்கு நான் கண்ட சான்றுகள் போதவில்லை. வதைக்கக் கூடாது என்று சொல்ல வலி ஒன்றே போதும். கொலை என்று சொல்ல அதற்கு மேலும் ஒன்று வேண்டும்.

உங்கள் நண்பர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். குற்றம் நடந்த நாளில் சட்டத்தில் இல்லாத குற்றத்துக்காக யாரையும் தண்டிக்க முடியாது என்பது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே மனிதரை மட்டுமே குறிப்பிடும் சட்டம் உள்ள எந்த நாட்டிலும், அந்த விருந்தாளியை முதலில் கொல்பவன் கொலைக்குற்றச்சாட்டிலிருந்து தப்பிவிடுவான். சட்டத்தைத் திருத்துவதென்றால், அது விருந்தாளி வருவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.