சூடேறாத ஸ்டீயரிங்: கேள்வி பதில்

கேள்விகளுக்குள் போகும் முன், ஸ்டீயரிங் வளையத்தைச் சூடாக்கும் ஹீட்டர் அமைப்பில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சில கார்களில் அடுத்து ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), பிறகு ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் திரும்பினாலும் இணைப்பு அறாமல் வைக்கும் சுருள் பட்டை ஒயர்), கடைசியில் தோலுக்கு அடியில் ஓடும் ஹீட்டர் கம்பி. கம்பியை ஒட்டி, சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டர். இவற்றை ஆட்டிவைக்கும் கன்ட்ரோல் மாட்யூல் சில கார்களில் ஸ்டீயரிங்குக்கு உள்ளேயே இருக்கும், சிலவற்றில் டேஷ்போர்டுக்கு அடியில். கரண்ட் இந்தப் பாதையில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்த்த பிறகுதான் பாகம் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, சூடு மட்டும் வரவில்லை. விளக்கு எரிவதால் ஃபியூஸ் சரியாகத்தான் இருக்கும், இல்லையா சார்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பல கார்களில் பட்டன் விளக்குக்கு வேறு ஃபியூஸ், ஹீட்டருக்கு வேறு ஃபியூஸ். ஹீட்டர் ஃபியூஸ் போனாலும் விளக்கு எரியும்.

ஆனால் அந்த விளக்கு எப்படி எரிகிறது என்பது நிறையச் சொல்லும். எரிந்து சில நொடிகளில் தானாக அணைந்தால், மாட்யூல் ஏதோ கோளாறைக் கண்டுபிடித்துத் தானே நிறுத்துகிறது. பெரும்பாலும் கம்பி அறுந்திருக்கும் அல்லது தெர்மிஸ்டர் கெட்டிருக்கும். இந்த நிலையில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பழுதுக் குறியீடு பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். விளக்கு எரிந்தபடியே இருந்து சூடு வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, கிளாக் ஸ்பிரிங் என்று வரிசையாகப் பாருங்கள். விளக்கே எரியாவிட்டால் பட்டன், பட்டனுக்கு வரும் சப்ளை, அல்லது திரையில் உள்ள செட்டிங். சில கார்களில் ஸ்டீயரிங் ஹீட்டரை சீட் ஹீட்டரோடு சேர்த்து இயக்கும் செட்டிங் உண்டு. அது மாறியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கழற்றி மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: ஃபியூஸ், ரிலே இரண்டும் சரி. அடுத்து ஏர்பேக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். முதலில், ஒயரை வெளியிலிருந்து கவ்வி டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஹீட்டருக்குப் போகும் ஒயரில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போடுங்கள். ஸ்டீயரிங் குளிர்ந்திருக்கும்போது சுமார் 5 முதல் 8 ஆம்பியர் வந்தால் கம்பி வேலை செய்கிறது. பூஜ்யம் என்றால் பாதை எங்கோ துண்டித்திருக்கிறது.

துண்டித்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூடியைத் திறங்கள். கிளாக் ஸ்பிரிங்கின் அடிப்பக்கத்துக்கு வரும் கனெக்டர்களில், பல கார்களில் ஹீட்டருக்கு மட்டும் தடித்த ஒயர் உள்ள இரண்டு பின் தனியாக இருக்கும். ஒயரிங் வரைபடத்தில் பின் எண்ணை உறுதி செய்த பிறகுதான் தொட வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். மேனுவல் கையில் இல்லாவிட்டால் 10 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

மாட்யூல் வெளியே உள்ள காரானால், அந்த இரண்டு பின்னுக்கு இடையே ஓம் பாருங்கள். கிளாக் ஸ்பிரிங்கும் கம்பியும் சேர்ந்து சுமார் 1.5 முதல் 3 ஓம் காட்டினால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, பழுது அதற்கு முன்னால் இருக்கிறது. மீட்டர் புரோபுகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய ஓமில் புரோப் ஒயரின் 0.3 ஓம்கூடக் கணக்கைக் கெடுக்கும். முடிவிலி காட்டினால்தான் ஏர்பேக்கைக் கழற்றி, மேல் பக்கத்தில் கம்பியைத் தனியாக அளக்க வேண்டும். மாட்யூல் ஸ்டீயரிங்குக்குள் இருந்தால் கீழிருந்து எடுக்கும் ஓம் அளவுக்கு அர்த்தமில்லை. கிளாம்ப் மீட்டரையும் ஸ்கேனரையும் நம்புங்கள்.

மஞ்சள் கனெக்டர் எதையும் மீட்டரால் தொடாதீர்கள். மீட்டரிலிருந்து வரும் சிறு கரண்ட் ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை மேல் முகம் வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள், கவிழ்த்து வைக்கக் கூடாது. தூக்கிச் செல்லும்போது முகப்புறம் உங்கள் உடம்பைப் பார்க்கக் கூடாது.

கேள்வி: கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது அண்ணா. அப்போ கம்பிதான் போச்சுன்னு முடிவு பண்ணலாமா?

பதில்: லோடு இல்லாமல் எடுத்த 12 வோல்ட்டை நம்பாதீர்கள் தம்பி. பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஆனால் 6 ஆம்பியர் கேட்டால் வோல்ட் படுத்துவிடும். ஹீட்டருக்குப் பதிலாக அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு பிரகாசமாக எரிந்து, வோல்ட்டும் பேட்டரி அளவை ஒட்டியே நின்றால் சப்ளை சரி. மங்கினால் ரிலே முனை, எர்த், கனெக்டர் பின் இவற்றில் ஒன்று. பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஸ்டீயரிங்கின் ஒரு பக்கம் மட்டும் சூடாகிறது.

பதில்: முதலில் உங்கள் மாடலில் முழு வளையமும் சூடாகுமா என்று பாருங்கள். பக்கவாட்டில் கை பிடிக்கும் இடங்கள் மட்டும் சூடாகும் வடிவமைப்புகள் உண்டு. இடது, வலது இரண்டும் சூடாக வேண்டிய காரில் ஒன்று மட்டும் சூடானால் அளவு சொல்லிவிடும். தலா 4 ஓம் உள்ள இரண்டு கம்பிகள் பேரலலாக இருந்தால் மொத்தம் 2 ஓம். ஒன்று அறுந்தால் 4 ஓம், கரண்ட்டும் பாதியாகிவிடும். மீட்டரில் அளவு இரட்டித்திருந்தால் பழுது வளையத்துக்குள்தான். கிளாக் ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: வண்டியைத் திருப்பும்போது சூடு நின்றுவிடுகிறது, நேராக வந்தால் மறுபடி வருகிறது. ஹாரனும் சில நேரம் அடிப்பதில்லை.

பதில்: கிளாக் ஸ்பிரிங். உள்ளே சுருண்டிருக்கும் பட்டை ஒயரில் ஒரு தடம் விரிசல் விட்டுவிட்டது. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது கிளாம்ப் மீட்டரைப் பார்த்தபடி ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் கரண்ட் துள்ளினால் சந்தேகமே வேண்டாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏர்பேக் தடமும் அதே பட்டையில்தான் போகிறது.

மாற்றும்போது முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். நடு போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் சில திரெட் மிச்சம் விட்டு ஸ்டீயரிங்கை இழுங்கள், இல்லாவிட்டால் அது பட்டென்று வந்து முகத்தில் மோதும். ஸ்பிளைன் (தண்டின் பல்வரிசை) மேல் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். புதிய கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில் பூட்டப்பட்டு வரும். இடத்தில் பொருத்தும் வரை அந்தப் பூட்டை எடுக்காதீர்கள். தவறி நடுநிலை போய்விட்டால், ஒரு பக்கமாக மெதுவாகத் தடை வரும் வரை சுற்றி, மேனுவல் சொல்லும் சுற்றுக் கணக்கின்படி திரும்பி, அம்புக்குறிகளைச் சேருங்கள். நடுநிலை தவறிப் பொருத்தினால் முதல் முழுத் திருப்பத்திலேயே பட்டை அறுந்துவிடக்கூடும். புதிய பாகம் வாங்கி ஒரே நாளில் கெட்டது என்று சொல்லப்படுவதில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கருத்து. போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் (முடுக்கு விசையில்) முடுக்குங்கள், ஒருமுறைப் போல்ட் என்றால் புதிதே போட வேண்டும். பல கார்களில் ஸ்டீயரிங் கோண சென்சாரும் அங்கேயே இருப்பதால் ஸ்கேனரில் கேலிபரேஷன் தேவைப்படலாம்.

கேள்வி: அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது.

பதில்: பல கார்களில் அது டைமர், பழுதல்ல. வளையம் போதிய சூடு அடைந்ததும் கரண்ட் விட்டுவிட்டு வருவதும் இயல்பு. வெயிலில் நின்று ஸ்டீயரிங் ஏற்கெனவே சூடாக இருந்தால் சில கார்களில் ஹீட்டர் தொடங்கவே தொடங்காது. சோதனையை எப்போதும் குளிர்ந்த ஸ்டீயரிங்கில் செய்யுங்கள்.

கேள்வி: புது பேட்டரி போட்ட பிறகு வேலை செய்யவில்லை.

பதில்: பேட்டரி கண்காணிப்பு உள்ள காரில் புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவு செய்யாவிட்டால், சார்ஜ் குறைவு என்று நினைத்து கார் ஹீட்டர்களை முதலில் நிறுத்தக்கூடும். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் வோல்ட் பாருங்கள், பதிவு செய்யுங்கள், பிறகு ஹீட்டரைப் பாருங்கள்.

கேள்வி: 10 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. 20 போடலாமா?

பதில்: கூடாது. ஃபியூஸ் போவது எங்கோ ஷார்ட் இருப்பதால். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது ஒயர், அதுவும் உங்கள் கைக்கும் ஏர்பேக்குக்கும் அருகில். கிளாக் ஸ்பிரிங்கின் கீழ் கனெக்டரைப் பிரித்துவிட்டு ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் பழுது டேஷ்போர்டு பக்க ஒயரிங்கில், நின்றால் கிளாக் ஸ்பிரிங்கில் அல்லது ஸ்டீயரிங்கில்.

கேள்வி: ஓர் இடம் மட்டும் கை சுடும் அளவுக்குக் கொதிக்கிறது. தெர்மிஸ்டரில் ரெசிஸ்டர் போட்டு ஏமாற்றினால் சூட்டைக் குறைக்கலாமா?

பதில்: ஹீட்டர் ஃபியூஸை இன்றே பிடுங்கிவிடுங்கள். கம்பி நசுங்கியோ பாதி அறுந்தோ அந்த இடத்தில் எதிர்ப்பு கூடியிருக்கிறது. தெர்மிஸ்டர் வேறு இடத்தில் இருப்பதால் அதற்கு இந்தச் சூடு தெரியாது. அதை ஏமாற்றினால் இருக்கும் ஒரே காவலும் போய்விடும்.

தெர்மிஸ்டரைச் சோதிக்கத்தான் வேண்டும் என்றால், பலவற்றில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும். குளிரக் குளிர அளவு ஏறும், 0 டிகிரியில் ஏறக்குறைய 30 கிலோ ஓம். உள்ளங்கையால் பிடித்துச் சூடாக்கும்போது அளவு சீராக இறங்க வேண்டும். துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ கெட்டது.

கேள்வி: கம்பி அறுந்தது உறுதியாகிவிட்டது. கம்பியை மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: தோலைப் பிரித்துப் பற்றவைக்கலாம் என்று தோன்றும். கார்பன் இழை என்றால் ஈயம் பிடிக்காது, உலோகக் கம்பி என்றாலும் பற்றவைத்த இடம் தடித்துக் கையில் உறுத்தும், பிறகு அதுவே சூடு கூடும் இடமாகும். சரியான வழி ஹீட்டரோடு வரும் முழு ஸ்டீயரிங், அல்லது பழைய வளையத்தில் புதிய ஹீட்டர் விரிப்பு ஒட்டி மேலே தோல் தைப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் விரிப்பின் ஓம் அளவும் தெர்மிஸ்டரின் கிலோ ஓம் அளவும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். தைப்பவரிடம் ஊசி விரிப்பைத் துளைக்காமல் ஓரத்தோடு போக வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். தைத்து முடித்ததும், காரில் மாட்டும் முன்பே ஓம் பார்த்து வாங்குங்கள்.