ரைன் நதிப் பயணம் ரத்து: மருத்துவமனையில் இருந்தவரிடமும் கட்டணமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஆம்ஸ்டர்டாமில் ஏறி, ரைன் நதி வழியே ஜெர்மனியைக் கடந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இறங்கும் கப்பல் பயணத்துக்கு, டர்பனில் உள்ள முகவரிடம் எனக்கும் மனைவிக்குமாக 96,000 ராண்ட் கட்டினேன். புறப்பட 12 நாள் இருக்கையில் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே மின்னஞ்சல் அனுப்பி இருவர் பயணத்தையும் ரத்து செய்தேன். கடைசி 30 நாளில் ரத்து செய்தால் முழுத் தொகையும் போய்விடும் என்கிறார் முகவர். தாம் இடைத்தரகர் மட்டுமே, கேட்பதானால் சுவிட்சர்லாந்தில் உள்ள கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றும் சொல்கிறார். பணம் கிடைக்குமா?

பதில்: கேளுங்கள் ஐயா, கிடைக்கும். உங்கள் மனைவியின் பங்கில் ஒரு சென்ட்கூடப் பிடிக்க அவர்களுக்கு உரிமையில்லை. உங்கள் பங்குக்குத்தான் சற்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நமக்குத் தருகிறது. நியாயமான ரத்துக் கட்டணம் வாங்கும் உரிமையை வணிகருக்குத் தருகிறது. ஆனால் யாருக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்ததாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாலோ வர முடியாமல் போனால், எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டர் கொடுத்த சீட்டு இதற்குப் போதாது. மருத்துவமனையில் சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி இரண்டும் உள்ள பதிவுத்தாளை வாங்குங்கள். கப்பல் புறப்படும் நாளுக்கு முன்பே உங்கள் மனைவி வீடு திரும்பிவிட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அதற்காகவே, அறுவை சிகிச்சைக்குப் பின் இத்தனை வாரம் நீண்ட பயணம் கூடாது என்று எழுதி, அறுவை மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். வழக்கின் உயிர் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

அடுத்து உங்கள் பங்கு. நீங்கள் நலமாகத்தானே இருந்தீர்கள் என்பார்கள். ஒரே பதிவு எண், ஒரே அறை, இருவருக்குமான பயணம். எனவே கட்டணம் வாங்கக் கூடாது என்ற தடை முழுப் பதிவுக்கும் பொருந்தும் என்பது என் வாதம். அது எடுபடாவிட்டாலும், கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற விதி மிஞ்சுகிறது. எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், முயன்றிருந்தால் அந்த இடத்தை வேறொருவருக்கு விற்றிருக்க முடியுமா, அந்தத் தொழிலில் வழக்கம் என்ன என்பவற்றைச் சட்டம் பார்க்கச் சொல்கிறது. ஆகவே உங்கள் கடிதத்தில் நேராகக் கேளுங்கள்: எங்கள் அறை மறுபடியும் விற்கப்பட்டதா? விற்றிருந்தால் நூற்றுக்கு நூறு என்ற கணக்கு நிற்காது. பதில் சொல்லாமல் நழுவினால் அதுவும் உங்களுக்குச் சாதகமே.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்க வேண்டாம். சட்டம் தந்த உரிமையைப் பறிக்கும் நிபந்தனையை 51ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. கப்பல் ரைனில் ஓடினாலும் பேரம் டர்பனில் முடிந்தது. வணிகரின் தலைமையகம் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. முகவர், கப்பல் நிறுவனம் இருவர் பெயரையும் போட்டே கடிதம் எழுதுங்கள்.

ஐரோப்பா செல்வதற்கான ஷெங்கன் விசாவுக்காக எடுத்த காப்பீட்டை நம்பியிருக்காதீர்கள். விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ, அங்கே போன பிறகு வரும் மருத்துவச் செலவுக்கும் ஊர் திரும்புவதற்கும்தான். ரத்துக்கான காப்பீடு தனி. கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் அதனோடு பயணக் காப்பீடு ஏதும் உண்டா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். விசா கட்டணத்தை மறந்துவிடுங்கள்.

கடிதத்தில் 14 நாள் கெடு கொடுங்கள். அசையாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவை குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அதன் பிறகு தேசிய நுகர்வோர் ஆணையம். இந்தப் படிகளைத் தாண்டி நேரே நீதிமன்றம் போனால், மற்ற வழிகள் தீரும் முன் ஏன் வந்தீர்கள் என்று 69ஆம் பிரிவைக் காட்டுவார்கள். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, செலவும் குறைவு. ஆனால் உச்சவரம்பு 20,000 ராண்ட். மீதியை நீங்களே விட்டுக்கொடுத்தால்தான் உள்ளே நுழையலாம். வழக்கறிஞரான என் பிழைப்புக்காகச் சொல்லவில்லை, 76,000 ராண்டைக் கைகழுவ வேண்டாம். புகார் செய்ய மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.