பாமாயில் வரியும் இரவு 8:46 மணியும்

கேள்வி: 2024 செப்டம்பரில் பட்ஜெட்டும் இல்லை, நாடாளுமன்றமும் கூடவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் பாமாயில் வரியை ஏற்றிவிட்டார்கள். இது செல்லுமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: செல்லும். சட்டம் இல்லாமல் வரி போடக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு சொல்வது உண்மைதான், ஆனால் சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே! சுங்க வரிக்கான அட்டவணையில் பெரிய விகிதம் ஒன்றைப் போட்டுவிட்டு, 1962-ம் வருடத்துச் சுங்கச் சட்டத்தின் 25-வது பிரிவில், பொதுநலன் கருதி அதில் சலுகை தரலாம் என்று மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். நாம் கட்டுவது பெரும்பாலும் அந்தச் சலுகை விகிதம்தான். சலுகையைக் குறைத்தால் வரி ஏறும், அவ்வளவுதான். அந்த மாற்றத்தைச் சொல்லும் அரசு அறிவிக்கையை அப்புறம் நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும், அதை யார் படித்துப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

நீங்கள் சொல்லும் அறிவிக்கையில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு செஸ் எல்லாம் சேர்த்து 5.5% ஆக இருந்தது 27.5% ஆனது. சோயா விலை ஆதார விலைக்கும் கீழே போய் விவசாயிகள் கொதித்துக்கொண்டிருந்த நேரம், மகாராஷ்டிரத் தேர்தலும் பக்கத்தில் இருந்தது. 2025 மே மாதக் கடைசியில் அதே 27.5%-ஐ 16.5% ஆக இறக்கினார்கள், சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும் 35.75%-ஐத் தொடவில்லை. காரணம் லேசானது: வெளியில் சுத்திகரித்துக் கொண்டுவராதே, கச்சாவாகக் கொண்டுவந்து இங்குள்ள ஆலைக்கு வேலை கொடு.

கேள்வி: வரி ஏறினால் மறுநாளே கடையில் விலை ஏறுகிறது, இறங்கினால் மட்டும் ஏன் தாமதம்? (கும்பகோணம் வாசகி)

பதில்: 'பழைய சரக்கு' என்பதுதான் கடைக்காரரின் பதில். ஆனால் வரி ஏறும்போதும் கிடங்கில் இருப்பது பழைய சரக்குதானே? 2024-ல் பழைய வரியில் வந்த எண்ணெய் சுமார் 30 லட்சம் டன் இருக்கிறது, அது தீரும்வரை விலையைக் கூட்டாதீர்கள் என்று அரசே எண்ணெய்க் கம்பெனிகளிடம் கேட்டுக்கொண்டது. உத்தரவு இல்லை, வேண்டுகோள்தான்.

கேள்வி: சரக்கு கடலில் வரும்போது வரி மாறினால் எந்த வரி? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வாங்கிய தேதிக்கும் கப்பலில் ஏற்றிய தேதிக்கும் இதில் வேலையே இல்லை. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் விவரப் படிவம், தாக்கல் செய்யும் நாளின் விகிதம்தான். கப்பல் வருமுன்னே முந்திக்கொண்டு தாக்கல் செய்தாலும், கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைத்த நாள்தான் கணக்கு. பாண்டட் கிடங்கில் (வரி கட்டாமல் சரக்கை வைத்திருக்கும் கிடங்கு) போட்டிருந்தால், வெளியே எடுக்க பில் போடும் நாளின் வரி.

தாக்கலும் வரி மாற்றமும் ஒரே நாளில் நடந்தால்? அப்படியும் நடந்தது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200% வரி என்று அறிவிக்கை வந்தது. அது இணையத்தில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அட்டாரி எல்லையில் அன்று பகலிலேயே தாக்கல் செய்திருந்தவர்களிடமும் 200% கேட்டார்கள். தேதி ஒன்றுதானே என்பது அரசின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: நேரம்தான் கணக்கு, அறிவிக்கை வெளியாகுமுன் தாக்கல் செய்தவருக்குப் பழைய வரிதான். அதனால் கிளியரிங் ஏஜென்டிடம் தாக்கல் செய்த தேதியோடு மணியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.