வயதான அப்பாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு: ரயிலா, பஸ்ஸா?

அடுத்த மாதம் 72 வயது அப்பாவைக் கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்குக் கூட்டிப் போக வேண்டும், ரயிலில் போனால் நேரம் வீணாகும் என்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாலைந்து வருடமாக அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். பஸ், ரயில் இரண்டும் பார்த்தாயிற்று. பகல் ரயிலில் போங்கள்.

காரணத்தை அம்மாவை வைத்தே சொல்கிறேன். முதல் இரண்டு முறையும் இரவு பஸ்ஸில்தான் போனோம். இரவு எட்டரைக்கு பஸ் என்றால் அம்மா பின்னேரம் மூன்று மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர், குளிசை போடக்கூட ஒரு மிடறுதான். ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வழியில் பஸ் நிற்கிற சாப்பாட்டுக் கடையில் இருட்டுக்குள் இறங்கி, பின்பக்கம் இருக்கிற ஈரமான கழிப்பறைக்குப் போக அவருக்குப் பயம், அதோடு தனக்காக பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க வெட்கம். விடியக் கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கும்போது கால் இரண்டும் வீங்கி, செருப்பு கொளுவ முடியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இப்போதும் அது கண்ணுக்குள் நிற்கிறது.

ரயிலில் முதல்முறை போனபோது சாவகச்சேரி தாண்டவில்லை, "தம்பி, அந்தத் தண்ணிப் போத்தலை எடு" என்றார். எழும்பி நடக்கலாம், காலை நீட்டலாம், பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது. வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு என்ன வேண்டும் சொல்லுங்கள்? நாங்கள் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறோம், அவர்கள் கழிப்பறையைக் கணக்குப் பார்க்கிறார்கள், அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கழிப்பறை எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏறும்போது பரவாயில்லை. அநுராதபுரம் தாண்டினால் சில நாட்களில் தண்ணீர் வராது. பெரிய போத்தல் ஒன்றில் கழுவுவதற்கென்றே தனியாகத் தண்ணீர், கடதாசி, சோப்பு எல்லாம் கொண்டு போங்கள். அப்பா உள்ளே போகும்போது நீங்கள் கதவுக்கு வெளியில் நில்லுங்கள், ஓடுகிற ரயிலில் ஆட்டம் இருக்கும்.

பெரிய குறை நேரம்தான். கொழும்பிலிருந்து பொல்காவலை வரைக்கும் இரட்டைப் பாதை, அதற்கு வடக்கே காங்கேசன்துறை வரை ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு ரயில் வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேசனில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும், அந்த ரயில் பிந்தினால் நாங்களும் பிந்துவோம், எங்களுக்குப் பின்னால் வருவதும் பிந்தும். ஒருமுறை மாகோவுக்குக் கிட்ட ஒன்றரை மணி நேரம் நின்றோம், என்ன ஏது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை, அன்று பின்னேரம் டொக்டரைப் பார்க்க எடுத்த நம்பர் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் டொக்டரைப் பார்க்கிற நாளில் பயணம் வைப்பதே இல்லை. முதல் நாள் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் ஆறுதலாகப் போவோம். தங்க இடமில்லாதவர்களுக்கு இது மேலதிக செலவு, அந்த விஷயத்தில் இரவு பஸ்தான் மலிவு என்று ஒத்துக்கொள்கிறேன். பஸ் வெள்ளவத்தை வரை கொண்டுபோய் விடும் என்பதும் உண்மை. ரயிலில் போய்க் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கினால் சாமான்களோடு திரும்ப ஓட்டோ பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, பாதை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். திருத்த வேலைக்காக 2023இல் அநுராதபுரத்துக்கு வடக்கே பல மாதம் மூடினார்கள், 2024இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் மூடினார்கள். அந்த நேரம் நாங்கள் எல்லோரும் திரும்ப பஸ்ஸுக்குத்தான் போனோம்.

ரிக்கற் ஒரு மாதத்துக்கு முன்னமே போட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழா, தைப்பொங்கல், பள்ளிக்கூட விடுமுறை என்றால் கடைசி நேரத்தில் சீற் கிடைக்காது, கிடைக்காமல் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு வரலாம் என்று மட்டும் அப்பாவை ஏற்றிவிடாதீர்கள். ஏசிப் பெட்டியில் குளிர் கூட, அப்பாவுக்கு ஒரு போர்வையும் காதுக்குத் துவாயும் வேண்டும். எங்களுக்கு ஜன்னல் திறக்கிற இரண்டாம் வகுப்புத்தான் பிடிக்கும்.

அப்புறம் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1990இல் போரால் ரயில் நின்றபோது எனக்கு ஐந்து வயது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய், பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தபோது எனக்கு இருபத்தொன்பது. எங்கள் வயதுக்காரர் பலருக்கு ரயிலைச் சொல்கிற 'கோச்சி' என்பது அம்மம்மா வாயில் கேட்ட சொல் மட்டும்தான். அம்மாவுக்கு அப்படி இல்லை, கலியாணம் கட்டின புதிதில் யாழ்தேவி ரயிலில் போய் வந்தவர். ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர் விரியும்போது அவர் கதையை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார், பரந்தன் வயல் வந்த பிறகுதான் திரும்பக் கதைப்பார். முறிகண்டியைக் கடக்கும்போது இருந்த இடத்திலிருந்தே பிள்ளையாருக்குக் கைகூப்புவார். பஸ் என்றால் இறங்கித் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கலாம், ரயிலில் அது இல்லை என்பது மட்டும் அவருக்குக் குறை. அதனால் வீட்டிலேயே கச்சான் வறுத்துக் கட்டிக்கொண்டு வருவார், முறிகண்டி வரும் வரை பொட்டலத்தைப் பிரிக்க விடமாட்டார்.

சாப்பாட்டுக்கு இடியப்பமும் சம்பலும், அல்லது புளிச்சாதம் கட்டுங்கள். ரயிலில் வடை, கடலை விற்க ஆட்கள் ஏறுவார்கள், ஆனால் சீனி வருத்தக்காரர் அதை நம்பி இருக்க முடியாது. ரிக்கற் எடுக்கும்போது கழிப்பறைக்குக் கிட்ட, ஆனால் கதவுக்குப் பக்கத்திலேயே இல்லாமல் மூன்றாவது நான்காவது வரிசையில் சீற் கேட்டுப் பாருங்கள். திரும்பி வரும்போது அப்பாவின் கண்ணில் கட்டு இருக்கும் என்றால் ஜன்னல் பக்கம் நீங்கள் இருங்கள், காற்றும் தூசியும் நேராக முகத்தில் அடிக்கும்.