வீடா, அலுவலகமா: ஒரே குழுவில் பல தேவைகள்

சென்னை ஐடி நிறுவனங்களில் மனிதவளப் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (குழுத் தலைவர், சோழிங்கநல்லூர்): முதிய தந்தையைக் கவனித்துக்கொள்ளும் ஒருவருக்கு வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதி அளித்தேன். இப்போது குழுவிலுள்ள 12 பேரும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே விதி என்பதுதானே நியாயம், ஐயா?

பதில்: ஒரே விதி எல்லார் மீதும் ஒரே அளவில் சுமையாக இறங்குவதில்லை. அலுவலகத்துக்கு அருகில் குடியிருப்பவருக்கும், தாம்பரத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவருக்கும் ‘வாரம் ஐந்து நாள்’ என்பதன் பொருள் வேறு. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,600-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு, 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வில், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணியாற்றியவர்களிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வும் செயல்திறன் மதிப்பீடும் பாதிக்கப்படவில்லை. அந்தப் பலனும் பெண்களிடமும், நெடுந்தூரம் பயணம் செய்வோரிடமும், மேலாளர் அல்லாதோரிடமுமே தெளிவாகத் தெரிந்தது.

எனவே, முடிவெடுக்கும் முறையைப் பொதுவாக வையுங்கள். எந்தப் பணிக்கு நேரில் இருந்தே ஆக வேண்டும், எந்த நாளில் அனைவரும் கூட வேண்டும் என்பதைக் குழுவாக அமர்ந்து எழுதிவிட்டு, எஞ்சிய நாட்களை அவரவர் தேவைக்கு விடுங்கள். தந்தையின் நோய் விவரத்தை எல்லார் முன்னும் விளக்க வேண்டிய நிலைக்கு அந்தப் பணியாளரைத் தயவுசெய்து தள்ளாதீர்கள்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்தவர், வேளச்சேரி): மூன்று பேருடன் ஓர் அறையில் தங்கியிருப்பதால் அலுவலகம் வரவே விரும்புகிறேன். ஆனால் கற்றுத்தர வேண்டிய மூத்தவர்கள் வருவதில்லையே?

பதில்: உங்கள் தேவையும் அதே எடை உடையதுதான். வீட்டில் தனியறையும் மேசையும் உள்ளவர்களை மட்டும் மனத்தில் கொண்டு இந்த விவாதம் நடப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ‘யாரும் வருவதில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், இன்ன பணியை இன்னாருடன் அமர்ந்து கற்க வாரத்தில் ஒரு நாள் வேண்டும் என்று உங்கள் லீடிடம் கேளுங்கள். அப்படிக் கேட்டால் மறுப்பது கடினம்.

கேள்வி (பேறுகால விடுப்பில் இருப்பவர்): விடுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்து பணியாற்றுவது என் உரிமையா?

பதில்: முழு உரிமை என்று சொல்ல முடியாது, அம்மா. பணியின் தன்மை இடம்கொடுத்தால், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி நிறுவனம் அனுமதிக்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உள்ளது. ஆகவே விடுப்பு முடியும் முன்பே, எத்தனை மாதம், எந்த நேரம் என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (திருமணமாகாதவர்): பிள்ளை குட்டி இல்லை என்பதால் இரவு ஷிப்டு எப்போதும் எனக்கே வருகிறது.

பதில்: அது தவறு. ஒருவருக்கு அளிக்கும் சலுகையின் விலையை இன்னொருவர் மட்டும் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. கடந்த மூன்று மாத ஷிப்டுப் பட்டியலை மேலாளர் முன் வைத்து, சுழற்சி முறையைக் கேளுங்கள். உங்கள் மாலை நேரம் எதற்காக என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.