4 டிபி டிஸ்க்கில் மீதி இடம் எங்கே?

கேள்வி: கல்யாண ஃபோட்டோ, வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எல்லாப் படங்களும் ஒரு பழைய விண்டோஸ் சர்வரில்தான். எஸ்.பி. ரோட்டில் 4 டிபி டிஸ்க் வாங்கி மாட்டினேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் 3726 ஜிபி என்கிறது. அதிலும் 2048 ஜிபிதான் பயன்படுத்த முடிகிறது. மீதி 1678 ஜிபி சும்மா கிடக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இல்லை, அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள்.

முதலாவது வெறும் கணக்கு. டிஸ்க் கம்பெனிக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸுக்கு 1024-ஐ மூன்று முறை பெருக்கிய எண், அதாவது 107 கோடிக்கும் மேல். அதே 4 லட்சம் கோடி பைட்டைப் பெரிய அளவால் அளந்தால் எண் குறையத்தானே செய்யும்? எடிட்டிங்குக்கு மேக் வைத்திருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள், 4 டிபி என்றே காட்டும். மேக் 2009 முதல் 1000 கணக்குக்கு மாறிவிட்டது.

இரண்டாவதுதான் உங்கள் பணத்தை முடக்குகிறது. உங்கள் டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை 512 பைட் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.ஆர். அந்த எண்ணை எழுத ஒதுக்கியது 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்கள் மட்டுமே. அதனால் 429 கோடிச் சொச்சம் துண்டுகளோடு எண் தீர்ந்துவிடும். அதை 512-ஆல் பெருக்கினால் சரியாக உங்கள் 2048 ஜிபி. அதற்கு அப்பால் இடம் இருக்கிறது, அதைக் குறிப்பிட எண் இல்லை. அதற்குப் பின் வந்த ஜி.பி.டி. முறையில் எண்ணுக்கு 64 பிட் என்பதால் இந்தத் தொல்லையே கிடையாது.

ஜி.பி.டி.க்கு மாற்ற, டிஸ்க்கில் இருக்கும் பார்ட்டிஷனை (பிரித்து வைத்த பகுதியை) டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அழித்தாக வேண்டும், அதிலுள்ள படங்களும் போய்விடும். இங்கேதான் உங்களை நிறுத்திச் சொல்கிறேன்: அவை அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள். முகூர்த்தத்தை இன்னொரு தடவை எடுக்க முடியாது. முதலில் இரண்டு தனி டிஸ்க்குகளில் நகல் எடுங்கள், நகலிலிருந்து சில வீடியோக்களை ஓட்டியும் பாருங்கள். அப்புறம் அழிக்கலாம். சர்வர் பழையது என்றாலும் கவலை வேண்டாம். விண்டோஸ் வேறு டிஸ்க்கில் இருந்து, இது படம் வைக்க மட்டும் என்றால், சர்வர் 2008-கூட ஜி.பி.டி.யை ஏற்கும்.

ஃபார்மேட் செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்.டி.எஃப்.எஸ்.ஸில் கிளஸ்டர் அளவு, அதாவது ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் துண்டின் அளவு, வழக்கமாக 4 கேபி. அதில் ஒரு வால்யூம் (விண்டோஸில் ஒரு டிரைவாகத் தெரியும் பகுதி) 16 டிபிக்கு மேல் வளராது. இந்த ஒற்றை டிஸ்க்குக்கு அது தாராளம். நாளைக்குப் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல இயக்கும் ரெய்டு போடும் எண்ணம் இருந்தால், அந்த வால்யூமுக்கு ஆரம்பத்திலேயே 64 கேபி தேர்ந்தெடுங்கள், 256 டிபி வரை போகலாம். படங்களை நிரப்பிய பிறகு மாற்ற நினைத்தால், திரும்பவும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஃபார்மேட் செய்யும்படி ஆகிவிடும்.