ஆண்டின் சொல்: தேடியதா, எழுதியதா?

கே: வருடக் கடைசியில் ஆங்கில அகராதிகள் 'ஆண்டின் சொல்' அறிவிக்கின்றன. ஆளுக்கொரு சொல்லைச் சொல்கிறார்களே, ஏன்?
ச.வ., பாளையங்கோட்டை

ஆளுக்கொரு தராசு வைத்திருக்கிறார்கள், அதனால்தான். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர், தன் இணைய அகராதியில் மக்கள் எந்தச் சொல்லுக்குப் பொருள் தேடினார்கள் என்று பார்க்கிறது. ஆக்ஸ்போர்டும் காலின்ஸும் மக்கள் எதை எழுதினார்கள் என்று பார்க்கின்றன. நாளிதழ்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் சேர்த்துக்கொண்டே போகும் சொல்வங்கியில் எண்ணுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. 'தோசை'யைத் தினமும் சொல்கிறோம், யாரும் அதற்கு அகராதி புரட்டுவதில்லை.

2020இல் மெரியம்-வெப்ஸ்டருக்கு 'பேண்டமிக்' (பெருந்தொற்று), காலின்ஸுக்கு 'லாக்டவுன்' (ஊரடங்கு). காலின்ஸ் சொல்வங்கியில் 2019இல் சுமார் 4,000 முறை வந்த 'லாக்டவுன்', மறு ஆண்டு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. ஆக்ஸ்போர்டோ ஒரு சொல்லில் அடங்காத ஆண்டு என்று சொல்லி, ஒரு பட்டியலையே வெளியிட்டது.

கே: அதிகம் தேடப்பட்ட சொல்லுக்கே பட்டமா?
இரா.மு., தஞ்சாவூர்

இல்லை. அப்படியானால் ஆண்டுதோறும் 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' குழப்பமே ஜெயிக்கும். என்றைக்கும் தேடப்படும் இத்தகைய சொற்களை முதலில் கழித்துவிடுவார்கள். பிறகு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு எது ஏறியது, எந்தத் தேதியில் ஏறியது, அன்று என்ன செய்தி என்று பார்ப்பார்கள். மெரியம்-வெப்ஸ்டரின் 2016 சொல்லான 'சர்ரியல்' (கனவு போன்ற, நம்பமுடியாத) பலமுறை துள்ளியது: மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் குண்டுவெடிப்பு, நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவு என்று. அதன் 2022 சொல்லான 'கேஸ்லைட்டிங்' (ஒருவரைத் தன் நினைவையே சந்தேகிக்க வைக்கும் ஏமாற்று) 1,740 சதவீதம் ஏறியது. ஆனால் அதற்கு ஒற்றைச் செய்தி காரணமில்லை, ஆண்டு முழுக்கத் தேடினார்கள்.

தேடல் கணக்கின் பலவீனத்துக்குக் கேம்பிரிட்ஜ் அகராதியின் 2022 தேர்வைப் பாருங்கள்: 'ஹோமர்'. பேஸ்பாலில் 'ஹோம் ரன்' என்பதன் சுருக்கம். மே மாதத்தில் ஒருநாள், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் 'வேர்டில்' என்ற இணையப் புதிரின் விடையாக வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே ஆடியவர்கள் திகைத்துப்போய் அகராதிக்கு ஓடினார்கள். ஒரே வாரத்தில் ஏறக்குறைய 75,000 தேடல்கள்! அந்த ஆண்டின் மனநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் கேம்பிரிட்ஜ் அதையே அறிவித்தது. நேர்மையான முடிவுதான்.

கே: '17,000 சதவீதம் உயர்வு' என்றெல்லாம் போடுகிறார்களே, நம்பலாமா?
ந.கு., ஈரோடு

2013இல் 'செல்ஃபி'க்கு ஆக்ஸ்போர்டு சொன்ன எண் அது. எண்ணில் பொய் இல்லை, ஆனால் அடித்தளம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 10 கோடிச் சொற்களில் 2 முறை வந்தது 342 முறை வந்தாலும் உயர்வு 17,000 சதவீதமே. அதனால் சதவீதத்தோடு, பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை முறை என்ற விகிதத்தையும் பார்க்க வேண்டும். வெறும் எண்ணிக்கையும் ஏமாற்றும்: சொல்வங்கி இரண்டு மடங்கு பெருத்தால் எல்லாச் சொல்லும் இரண்டு மடங்காகும். ஒரே செய்தி நிறுவனத் தகவலை நூறு நாளிதழ்கள் அச்சிட்டால் நூறாக எண்ணும். நகல்களை நீக்காமல் எண்ணினால் கணக்குக் கெட்டது.

எண் சரியாக இருந்தும் சறுக்கியது 2017இன் 'யூத்குவேக்' (இளைஞர்களால் வரும் பெரிய சமூக, அரசியல் மாற்றம்). பயன்பாடு ஐந்து மடங்கானது என்றது ஆக்ஸ்போர்டு. யார் வாயிலும் கேட்டதில்லையே என்றார்கள் வாசகர்கள்.

கே: மக்களிடமே வாக்குக் கேட்டால் என்ன?
பா.லெ., காரைக்குடி

கேட்டார்கள். 2022இல் ஆக்ஸ்போர்டு மூன்று சொற்களை முன்வைத்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து, 93 சதவீத ஆதரவில் 'காப்ளின் மோட்' (வெட்கமின்றிச் சோம்பலாக, அலங்கோலமாக இருப்பது) வென்றது. இணையக் குறும்பும் அதில் கலந்திருந்தது என்பது எங்கள் எண்ணம். பிறகு பிடியை இறுக்கினார்கள். 2024இல் ஆறு சொற்கள், 37,000க்கும் மேல் வாக்குகள். ஆனால் வாக்கையும் தரவையும் சேர்த்துப் பார்த்து 'பிரெய்ன் ராட்' (மலிவான இணையச் சரக்கைப் பார்த்துப் பார்த்து மூளை மழுங்குவது) என்று முடிவெடுத்தவர்கள் அகராதித் தொகுப்பாளர்களே.

கே: பட்டம் கிடைத்தால் அகராதியில் இடம் உறுதியா?
மீ., புதுச்சேரி

உறுதியில்லை, அது தனிப் பரீட்சை. 2015இல் ஆக்ஸ்போர்டு தேர்ந்தது, சிரித்துக் கண்ணீர் வடிக்கும் ஒரு எமோஜியை!

கே: இந்திக்கு ஆக்ஸ்போர்டு 'ஆதார்' என்று 2017க்கு அறிவித்தது. தமிழில் செய்தால் என்ன சிக்கல் வரும்?
அ.செ., மதுரை

எண்ணுவதே சிக்கல். ஆங்கிலத்தில் 'லாக்டவுன்' பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழில் ஊரடங்கை, ஊரடங்கால், ஊரடங்கின்போது, ஊரடங்குக் காலம் என்று உருமாறும். வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்காமல் எண்ணினால் ஒரே சொல் பத்தாகச் சிதறும். அடுத்து, அதே பொருளுக்குப் பொதுமுடக்கம், லாக்டவுன் என்று வேறு சொற்களும் புழங்கின. சேர்த்து எண்ணினால் பட்டம் எதற்கு? தனித்தனியே எண்ணினால் வாக்குப் பிரிந்து மூன்றும் தோற்கலாம். போதாக்குறைக்கு 'ஊரடங்கு' கலவரக் காலங்களில் ஏற்கெனவே இருந்த சொல். எது நோய்க்கு, எது கலவரத்துக்கு என்று வாக்கியம் வாக்கியமாக ஆள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.